கன உலோகம் கலந்த நீரைப் பாக்டீரியாவால் தூய்மை செய்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈயம், காட்மியம், பாதரசம், குரோமியம், நிக்கல், தாமிரம், துத்தநாகம் போன்ற உலோகங்கள் கலந்த நீரைப் பாக்டீரியாவின் துணையோடு தூய்மை செய்யும் முறைகளைப் பற்றி மாணவர்களும், ஆலைப் பொறியாளர்களும், மாசடைந்த நீருக்கு அருகே வாழ்பவர்களும் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே தரப்படுகின்றன. எந்த விடையைப் படிக்கும்போதும், நீரை விட்டு நீங்கிய உலோகம் இப்போது எங்கே, எந்த வடிவில் இருக்கிறது என்ற கேள்வியை மனத்தில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

பாக்டீரியா கன உலோகத்தைத் தின்று அழித்துவிடும் என்று சொல்கிறார்களே, அது சரியா?

சரியன்று. எண்ணெய், சாயம், பூச்சிக்கொல்லி போன்ற கரிமப் பொருள்களைப் பாக்டீரியா சிதைத்து, கார்பன் டை ஆக்சைடாகவும் நீராகவும் மாற்றிவிட முடியும். உலோகம் ஒரு தனிமம் ஆதலால் அதை எந்த உயிரினத்தாலும் சிதைக்க முடியாது. பாக்டீரியாவால் செய்யக்கூடியவை இரண்டே: உலோகத்தை நீரிலிருந்து தன் உடலுக்கோ வேறொரு திடப்பொருளுக்கோ இடம் மாற்றலாம், அல்லது அதன் வேதி வடிவத்தை மாற்றி, கரையும் தன்மையையும் நச்சுத்தன்மையையும் குறைக்கலாம். நூறு கிராம் காட்மியம் உள்ளே சென்றால், சுத்திகரிப்பின் முடிவிலும் அதே நூறு கிராம் எங்கேயோ இருந்தே தீரும்.

அப்படியானால் நீரிலுள்ள உலோகம் எந்தெந்த வழிகளில் குறைகிறது?

முதல் வழி, செல்லின் புறப்பரப்பில் உலோகம் ஒட்டிக்கொள்வது. பாக்டீரியாவின் செல் சுவரில் கார்பாக்சில், பாஸ்பேட் போன்ற தொகுதிகள் நிறைந்துள்ளன. நடுநிலையை ஒட்டிய நீரில் இவை எதிர்மின் சுமை கொண்டவை, ஈயம், தாமிரம், காட்மியம் ஆகியவற்றின் அயனிகளோ நேர்மின் சுமை கொண்டவை. 1980ஆம் ஆண்டில் டெரி பெவரிட்ஜும் ராபர்ட் மரேயும் பேசில்லஸ் சப்டிலிஸ் என்னும் பாக்டீரியாவின் செல் சுவரைப் பிரித்தெடுத்து, அதிலுள்ள கார்பாக்சில் தொகுதிகளின் மின்சுமையை வேதி முறையில் நீக்கிப் பார்த்தபோது, சுவர் உலோகத்தைப் பிடிக்கும் திறன் பெருமளவு குறைந்தது. உலோகம் முக்கியமாக எங்கே பற்றிக்கொள்கிறது என்பதை இந்தச் சோதனை தெளிவாக்கியது. இந்த ஒட்டுதல் சில நிமிடங்களிலிருந்து சில மணி நேரத்துக்குள் நிகழ்ந்துவிடும். இதற்குச் செல் உயிரோடு இருக்க வேண்டிய தேவை இல்லை.

இரண்டாம் வழி, உயிருள்ள செல் உலோகத்தைத் தன் உள்ளே எடுத்துச் சென்று, உலோகத்தைப் பற்றும் புரதங்களில் கட்டி வைப்பது. இது மெதுவாக நடக்கும். செல்லுக்கு உணவு வேண்டும். உலோகம் மிகுந்தால் செல் இறந்துவிடும்.

மூன்றாம் வழி, பாக்டீரியா வெளியிடும் சல்பைடு, பாஸ்பேட், கார்பனேட் போன்றவை உலோகத்தோடு சேர்ந்து கரையாத வீழ்படிவாக இறங்குவது. நான்காம் வழி, உலோகத்தின் ஆக்சிஜனேற்ற நிலையையே (அதன் அணு எத்தனை எலக்ட்ரான்களை இழந்துள்ளது என்பதைக் காட்டும் எண்) பாக்டீரியா மாற்றுவது. பெரிய அளவில் உண்மையாகவே பயன்பட்டு வரும் முறைகள் பெரும்பாலும் இந்தக் கடைசி இரண்டையும் சார்ந்தவை என்பதால், கீழே வரும் விடைகளில் அவற்றுக்கே கூடுதல் இடம் தரப்பட்டுள்ளது.

இறந்த பாக்டீரியாவே போதும் என்றால், அதை ஒரு வடிகட்டிப் பொருளாக விற்கலாமே?

அந்த முயற்சி நடந்தது. கடந்த நூற்றாண்டின் இறுதியில் பாக்டீரியா, பாசி ஆகியவற்றின் உலர்ந்த உயிரித்திரளை (செல்களின் திரட்டை)க் குறுமணிகளாக்கி விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். நொதித்தல் தொழிற்சாலைகளின் கழிவாகக் கிடைக்கும் உயிரித்திரள் மலிவானது. நச்சால் இறந்துபோகும் என்ற கவலையும் இல்லை. ஆயினும் அதை உடையாத மணிகளாக்கவும், அமிலத்தால் கழுவித் திரும்பத் திரும்பப் பயன்படுத்தவும் ஆகும் செலவைச் சேர்த்தால், ஒரே தரத்தில் கிடைக்கும் அயனிப் பரிமாற்றப் பிசின்களோடு (உலோக அயனியைப் பிடித்து வேறு அயனியை விடும் செயற்கை மணிகள்) போட்டியிடுவது கடினமாக இருந்தது. மேலும், கால்சியமும் மக்னீசியமும் மிகுந்த கடின நீரில் அந்த அயனிகளும் அதே இடங்களுக்குப் போட்டியிடுகின்றன. நீரின் பிஎச் அளவு (7 நடுநிலை, குறையக் குறைய அமிலம் மிகுதி) 2 அல்லது 3 ஆக இறங்கினால் ஹைட்ரஜன் அயனிகளே இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே இம்முறை நன்றாக வேலை செய்வது உலோகம் குறைவாகவும் வேறு உப்புகள் குறைவாகவும் உள்ள நீரில்தான் என்பது என் கருத்து.

உலோகம் மிகுந்த இடத்தில் உயிர்வாழும் பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தால், அது உலோகத்தை நீக்கும் பாக்டீரியாதானே?

இது மிகப் பரவலான தவறான எண்ணம். மாணவர்களின் ஆய்வுத் திட்டங்களில் இதை அடிக்கடி காண முடிகிறது. தாங்கும் திறன் வேறு, நீக்கும் திறன் வேறு. பெல்ஜியத்தில் ஒரு துத்தநாக ஆலையின் படிவுத் தொட்டியிலிருந்து 1976இல் பிரித்தெடுக்கப்பட்ட கியூப்ரியாவிடஸ் மெட்டாலிடியூரன்ஸ் என்னும் பாக்டீரியா இதற்குச் சிறந்த சான்று. கோபால்ட், துத்தநாகம், காட்மியம் ஆகிய மூன்றும் தன்னுள் நுழைந்தவுடன் அவற்றை வெளியே தள்ளிவிடும் புரத எக்கிகள் அதற்கு உண்டு. செல் நலமாக வாழ்கிறது. உலோகமோ திரும்பவும் நீருக்கே வந்துவிடுகிறது. தகுந்த சூழலில், வெளியே தள்ளப்பட்ட உலோகம் செல்லைச் சுற்றியுள்ள காரத்தன்மையாலும் கார்பனேட்டாலும் அங்கேயே படிவது உண்டு, அதைப் பயன்படுத்தி உலைகளும் (வினை நடக்கும் மூடிய தொட்டிகள்) வடிவமைக்கப்பட்டன. ஆனால் அது தானாக நடந்துவிடும் என்று கருதிவிடக் கூடாது. உலோகம் கலந்த வளர்ப்பு ஊடகத்தில் பாக்டீரியா வளர்ந்தது என்பது மட்டுமே சான்றாகாது. நீரில் எவ்வளவு குறைந்தது, செல்லிலும் வீழ்படிவிலும் எவ்வளவு சேர்ந்தது என இரண்டையும் அளந்து கணக்கு ஒத்துவருகிறதா என்று பார்க்க வேண்டும்.

சல்பேட்டை ஒடுக்கும் பாக்டீரியா பற்றியே அதிகம் பேசப்படுவது ஏன்?

டீசல்போவிப்ரியோ உள்ளிட்ட இந்தப் பாக்டீரியா, நாம் ஆக்சிஜனைச் சுவாசிப்பதுபோல, ஆக்சிஜன் இல்லாத இடத்தில் சல்பேட்டைக் கொண்டு சுவாசிக்கின்றன. கரிமப் பொருளை உண்டு, சல்பேட்டுக்கு எலக்ட்ரான்களைக் கொடுத்து (இதுவே ஒடுக்குதல்) அதைச் சல்பைடாக மாற்றுகின்றன. தாமிரம், ஈயம், காட்மியம், துத்தநாகம், நிக்கல் ஆகியவற்றின் சல்பைடுகள் நீரில் கரைவது மிகமிகக் குறைவு. ஆதலால் சல்பைடு உருவானவுடன் உலோகம் கருமையான, மஞ்சளான அல்லது வெண்மையான நுண்துகளாக இறங்கிவிடுகிறது. சுரங்கக் கழிவுநீரில் பெரும்பாலும் உலோகம், சல்பேட், அமிலத்தன்மை மூன்றும் சேர்ந்தே இருக்கும். இந்த ஒரே வினை மூன்றையும் குறைக்கிறது, ஏனெனில் கரிமப் பொருள் சிதையும்போது உண்டாகும் பைகார்பனேட் அமிலத்தையும் ஈடுசெய்கிறது. ஒரே நுண்ணுயிர்ச் செயலால் மூன்று சிக்கல்களும் ஒருங்கே தணிவதை முதன்முறை படித்தபோது ஏற்பட்ட வியப்பு எனக்கு இன்றும் குறையவில்லை.

நெதர்லாந்தின் பூடல் என்னும் ஊரில், நூறாண்டு காலமாக இயங்கிய துத்தநாக ஆலையின் கீழே நிலத்தடி நீரில் துத்தநாகமும் காட்மியமும் சல்பேட்டும் சேர்ந்திருந்தன. அந்த நீரை இறைத்து, எத்தனாலை உணவாகக் கொடுத்து இந்தப் பாக்டீரியாவால் தூய்மை செய்யும் முழு அளவிலான நிலையம் அங்கே 1992இல் தொடங்கப்பட்டது. மிஞ்சிய சல்பைடை வேறு பாக்டீரியா, கட்டுப்படுத்தப்பட்ட அளவு காற்றின் துணையோடு கந்தகமாக மாற்றுகின்றன. இந்த நிலையத்தை நான் சிறப்பாகக் குறிப்பிடுவதற்குக் காரணம், படிந்த துத்தநாக சல்பைடு குப்பைக்குப் போகாமல் அதே ஆலைக்கே மூலப்பொருளாகத் திரும்பிச் செல்வதுதான்.

இந்த முறைக்குச் சில நிபந்தனைகள் உண்டு. உலையில் ஆக்சிஜன் புகக் கூடாது. ஒரு கிலோ சல்பேட்டை ஒடுக்க, வேதி ஆக்சிஜன் தேவை (கரிமப் பொருளை முழுதும் ஆக்சிஜனேற்றம் செய்யத் தேவைப்படும் ஆக்சிஜன்) என்ற அளவில் சுமார் 0.67 கிலோவுக்குச் சமமான உணவு வேண்டும். உணவு குறைந்தால் வினை நின்றுவிடும், மிகுந்தால் அந்தக் கரிமப் பொருளே வெளியேறும் நீரில் புதிய மாசாகிவிடும். சல்பைடு தேவைக்கு மேல் உருவானால் வெளியேறும் ஹைட்ரஜன் சல்பைடு உயிரைப் பறிக்கக்கூடிய வாயு. செறிவு மிகும்போது மூக்கின் உணர்வு மரத்துப்போவதால், மணத்தை நம்பி அதைக் கண்டறிய முடியாது. வாயு அளவி இன்றி எவரும் அத்தகைய தொட்டிக்குள் இறங்கக் கூடாது.

சுண்ணாம்பைப் போட்டாலே உலோகம் படிந்துவிடுமே, பாக்டீரியா எதற்கு?

நியாயமான கேள்வி. சுண்ணாம்பு மலிவானது, வினை உடனே நடக்கும், தட்பவெப்பத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை. செறிவு மிகுந்த நீர் பெருமளவில் வரும் இடங்களில் இன்றும் அதுவே முதல் தேர்வு. அதன் குறைகள் வேறு வகையானவை: ஒவ்வோர் உலோகமும் வெவ்வேறு பிஎச் அளவில் படிகிறது, துத்தநாகமும் குரோமியமும் காரம் மிகுந்தால் மீண்டும் கரைகின்றன, உருவாகும் ஹைட்ராக்சைடு கசடு பருத்தது, நீர் மிகுந்தது, எல்லா உலோகமும் கலந்தது. சல்பைடு வழியில் எஞ்சும் உலோகம் பொதுவாக இன்னும் குறைவாக இருக்கும். கசடு அடர்த்தியாக இருக்கும். தாமிரத்தை அமில நீரிலேயே முதலில் பிரித்து, பிஎச் அளவை உயர்த்திப் பின்னர் துத்தநாகத்தைப் பிரிக்கவும் முடியும்.

இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் இருந்த வீல் ஜேன் சுரங்கம் மூடப்பட்டு, நீர் இறைப்பது நிறுத்தப்பட்ட பின், 1992 ஜனவரியில் அதன் உள்ளே நிறைந்த அமில நீர் உடைத்துக்கொண்டு ஆற்றில் பாய்ந்தது. அங்கே நாணற் படுகைகளும் ஆக்சிஜன் அற்ற பாக்டீரியாப் படுகைகளும் கொண்ட சோதனை அமைப்பு ஒன்றைக் கட்டிப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். பயனுள்ள அறிவு கிடைத்தது. எனினும் 2000ஆம் ஆண்டில் முழு அளவில் நிறுவப்பட்டது சுண்ணாம்பு நிலையமே. பாக்டீரியா முறையில் நம்பிக்கை கொண்டவர்களும் இந்த எடுத்துக்காட்டை மறைக்காமல் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

குரோமியத்துக்கும் இதே முறை பொருந்துமா?

குரோமியத்தின் கதை வேறு. ஆறு என்ற ஆக்சிஜனேற்ற நிலையில் அது எதிர்மின் சுமை கொண்ட குரோமேட்டாக நீரில் எளிதாகக் கரைந்து நகர்கிறது. புற்றுநோயை உண்டாக்கும் வடிவமும் அதுதான். மூன்று என்ற நிலைக்கு இறங்கினால் நச்சு பெரிதும் குறைகிறது, நடுநிலை நீரில் ஹைட்ராக்சைடாகப் படிந்தும் விடுகிறது. சூடோமோனாஸ், பேசில்லஸ், ஷிவனெல்லா முதலிய பல பேரினங்களைச் சேர்ந்த பாக்டீரியா இந்த எலக்ட்ரான் மாற்றத்தைச் செய்கின்றன. இங்கே அளவீட்டில் ஒரு பொறி உண்டு. குரோமேட்டின் நிறமாற்றச் சோதனை ஆறாம் நிலையை மட்டுமே காட்டும். மூன்றாம் நிலைக் குரோமியம் கரிம அமிலங்களோடு பிணைந்து கரைந்த வடிவிலேயே நீரில் தங்கியிருக்கலாம். எனவே மொத்தக் குரோமியத்தையும் அளந்தால்தான் உண்மை தெரியும். குடிநீருக்கு உலகச் சுகாதார அமைப்பின் வழிகாட்டு அளவான லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் என்பதும் மொத்தக் குரோமியத்துக்கே உரியது.

பாதரசத்தைப் பாக்டீரியா நீக்குமா, இன்னும் நச்சாக்குமா?

இரண்டும் உண்டு. பாதரசத்தைத் தாங்கும் பாக்டீரியாவிடம் மெர் என்னும் மரபணுத் தொகுதி உள்ளது. அதில் உள்ள ஒரு நொதி கரைந்த பாதரச அயனியை உலோகப் பாதரசமாக மாற்றுகிறது, மற்றொரு நொதி கரிமப் பாதரசத்தின் பிணைப்பை உடைக்கிறது. உலோகப் பாதரசம் நீரில் மிகக் குறைவாகவே கரையும், ஆனால் ஆவியாகும். திறந்த குளத்தில் இதைச் செய்தால் நீர் தூய்மையாகும், காற்று நஞ்சாகும். ஜெர்மனியில் குளோரின் தயாரிக்கும் ஆலையின் கழிவுநீரில் இம்முறையைச் சோதித்தவர்கள் மூடிய உலையைப் பயன்படுத்தினார்கள். நுண்துளைக் கற்களின் மேல் படலமாக வளர்ந்த பாக்டீரியா பாதரசத்தை ஒடுக்க, அது சிறு துளிகளாக உலைக்குள்ளேயே தங்கியது, தப்பியதைச் செயலூட்டிய கரி பிடித்துக்கொண்டது.

மறுபக்கம், சல்பேட்டையும் இரும்பையும் ஒடுக்கும் பாக்டீரியாவில் சில, பாதரசத்தை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. மீன்களின் உடலில் சேர்ந்து உணவுச் சங்கிலியில் பெருகும் நஞ்சு இதுவே. அதற்குக் காரணமான இரண்டு மரபணுக்கள் 2013இல் கண்டறியப்பட்டன. துத்தநாகத்துக்கு நல்ல தீர்வாகும் சல்பேட் உலையைப் பாதரசம் கலந்த நீருக்கு அப்படியே எடுத்துச் செல்லக் கூடாது என்பது இதனால்தான்.

ஆர்சனிக்கை இதே வழியில் நீக்கலாமா?

ஆர்சனிக் ஓர் உலோகப்போலி, அதாவது உலோகத்துக்கும் அலோகத்துக்கும் இடைப்பட்ட தனிமம். நீரில் அது நேர்மின் அயனியாக இருப்பதில்லை, ஆதலால் செல் சுவரில் எளிதாக ஒட்டாது. இங்கே பாக்டீரியாவின் பங்கு மறைமுகமானது. நிலத்தடி நீரில் மின்சுமையின்றி இருக்கும் ஆர்சனைட்டைச் சில பாக்டீரியா எதிர்மின் சுமை கொண்ட ஆர்சனேட்டாக மாற்றுகின்றன. கேலியோனெல்லா, லெப்டோத்ரிக்ஸ் போன்றவை இரும்பை ஆக்சிஜனேற்றம் செய்து மணல் வடிகட்டியில் துருப்படலமாகப் படியவைக்கின்றன. ஆர்சனேட் அந்தத் துருவில் ஒட்டிக்கொள்கிறது. நீரில் போதிய இரும்பு இல்லையென்றால் இம்முறை போதாது. ஆக்சிஜன் இல்லாத படிவுகளில் இரும்பை ஒடுக்கும் பாக்டீரியா அதே துருவைக் கரைத்து ஆர்சனிக்கை விடுவிப்பதும் நடக்கிறது. வங்காளக் கழிமுகத்தின் குழாய்க் கிணறுகளில் ஆர்சனிக் சேர்ந்ததற்கு இச்செயல் ஒரு முக்கிய காரணமாகக் கருதப்படுகிறது.

நீரை மேலே இறைக்காமல், நிலத்துக்கடியிலேயே தூய்மை செய்ய முடியுமா?

முடியும், இரண்டு வகைகளில். ஒன்று, நிலத்தடி நீர் செல்லும் பாதையில் அகழி வெட்டி, மட்கிய உரமும் மரச்சில்லுகளும் நிரப்பிப் பாக்டீரியாவுக்கு உணவு வைப்பது. கனடாவின் சட்பரி அருகே நிக்கல் ரிம் சுரங்கத்தில் 1995இல் அமைக்கப்பட்ட இத்தகைய தடுப்பைக் கடந்த நீரில் சல்பேட், இரும்பு, நிக்கல் மூன்றும் பெருமளவு குறைந்தன. எக்கியோ மின்சாரமோ தேவைப்படவில்லை.

மற்றொன்று, கிணறுகளின் வழியே உணவைச் செலுத்தி அங்கேயே வாழும் பாக்டீரியாவை வளர்ப்பது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ரைஃபிள் என்னும் இடத்தில், யுரேனியம் கலந்த நிலத்தடி நீரில் 2002இல் அசிட்டேட்டைச் செலுத்தினார்கள். மண்ணிலுள்ள இரும்பையும், கரைந்த யுரேனியத்தைக் கரையாத வடிவுக்கும் ஒடுக்கும் ஜியோபேக்டர் இனங்கள் பெருகின. கரைந்திருந்த யுரேனியம் சில வாரங்களில் குறைந்தது. ஆனால் இரும்பு தீர்ந்தபின் சல்பேட்டை ஒடுக்கும் பாக்டீரியா அசிட்டேட்டைக் கைப்பற்றிக்கொள்ள, யுரேனியம் மீண்டும் உயரத் தொடங்கியது. எந்தப் பாக்டீரியா இருக்கிறது என்பதைவிட எந்தப் பாக்டீரியாவுக்கு உணவு கிடைக்கிறது என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது என்று அந்தச் சோதனை காட்டியது.

99 விழுக்காடு நீக்கம் என்று வரும் ஆய்வு முடிவுகளை எப்படிப் படிக்க வேண்டும்?

முதலில் தொடக்கச் செறிவைப் பாருங்கள். லிட்டருக்கு 100 மில்லிகிராம் ஈயத்தில் 99 விழுக்காடு நீங்கினால் எஞ்சுவது 1 மில்லிகிராம். குடிநீரில் ஈயத்துக்கான வழிகாட்டு அளவு 0.01 மில்லிகிராம், அதாவது எஞ்சியது அதைப் போல் நூறு மடங்கு. அடுத்து, சோதனை வாலைவடிநீரில் ஒரே உலோகத்தைக் கரைத்துச் செய்யப்பட்டதா, உண்மைக் கழிவுநீரிலா என்று பாருங்கள். பாக்டீரியா சேர்க்காத ஒப்பீட்டுக் குடுவை வைக்கப்பட்டதா என்பதும் மிக முக்கியம், ஏனெனில் ஊடகத்திலுள்ள பாஸ்பேட்டோடு சேர்ந்து ஈயம் தானாகவே படிந்துவிடும். அதைப் பாக்டீரியாவின் சாதனையாக எழுதிவிடும் பிழை எளிதில் நேரும்.

மரபணு மாற்றிய பாக்டீரியா பயன்படுமா?

உலோகத்தைப் பற்றும் புரதங்களைச் செல்லின் மேற்பரப்பில் வெளிப்படுத்தும் வகைகள் ஆய்வகத்தில் உருவாக்கப்பட்டுள்ளன. மூடிய உலைக்கு அவை பொருந்தலாம். திறந்த நீர்நிலையில் விடுவதை நான் ஆதரிக்கவில்லை. இயற்கையில் உள்ள பாக்டீரியாவே பெரும்பாலான பணிகளுக்குப் போதுமானவை.

வீட்டுக் கிணற்று நீருக்கு இதைச் செய்யலாமா?

வேண்டாம். உணவும் பிஎச் அளவும் கண்காணிக்கப்படாத உலை, உலோகத்தை நீக்குவதற்கு மாறாகக் கிருமிகளையும் சல்பைடையும் சேர்க்கக்கூடும். நீரை ஆய்வகத்தில் சோதித்து, உலோகம் உறுதியானால், அந்த உலோகத்துக்கென்று சான்று பெற்ற வடிகட்டியையோ வேறு நீர் ஆதாரத்தையோ நாடுங்கள். கொதிக்க வைப்பதால் உலோகம் நீங்காது; நீர் ஆவியாவதால் செறிவு கூடவே செய்யும்.

படிந்த கசடு என்ன ஆகும்? மீண்டும் கரைந்து வருமா?

சூழல் மாறினால் வரும். சல்பைடுக் கசடு காற்றிலும் மழையிலும் கிடந்தால் ஆக்சிஜனேற்றம் அடைந்து சல்பேட்டாகவும் அமிலமாகவும் மாறி உலோகத்தை விடுவிக்கும். அசிடிதயோபேசில்லஸ் ஃபெரோஆக்சிடன்ஸ் போன்ற பாக்டீரியா இந்த வினையைப் பன்மடங்கு விரைவாக்குகின்றன. சுரங்கங்களில் அமில நீர் உருவாவதே இப்படித்தான். ஒடுக்கப்பட்ட யுரேனியமும் ஆக்சிஜனோ நைட்ரேட்டோ புகுந்தால் மீண்டும் கரையும். மண்ணிலுள்ள மாங்கனீசு ஆக்சைடுகள் மூன்றாம் நிலைக் குரோமியத்தை ஆறாம் நிலைக்குத் திருப்பிவிடக்கூடும். உயிரித்திரளில் ஒட்டிய உலோகம் நீர்த்த அமிலம் பட்டாலே கழன்றுவிடும்.

ஆகவே கசட்டை உலோகம் பிரித்தெடுக்கும் ஆலைக்கு அனுப்ப முடியுமா என்று முதலில் பார்க்க வேண்டும். முடியாவிட்டால், அதை உலர்த்திச் சிமென்ட் போன்றவற்றில் பிணைத்து, கசிவுச் சோதனை செய்து, அபாயக் கழிவுக்கென அடித்தளம் அமைத்த நிலத்தில் சேர்க்க வேண்டும். நிலத்தடித் தடுப்புகளில் கசடு அங்கேயே இருப்பதால், மரச்சில்லுகள் தீர்ந்துபோகும் காலத்தை முன்பே கணக்கிட்டு, தடுப்பின் கீழ்ப்புறக் கிணறுகளில் உலோகம், சல்பேட், பிஎச், கரைந்த ஆக்சிஜன் ஆகிய நான்கையும் தடுப்பு அங்கே இருக்கும் காலம் முழுவதும் அளந்துவர வேண்டும். அந்தச் செலவைத் திட்டத்தின் முதல் மதிப்பீட்டிலேயே சேர்த்துவிட வேண்டும்.